பம்பரத்தில் எத்தனை எழுத்து?

"பையன் நல்லாத்தானே பேசுறான் மேடம்? படிக்கத்தானே வரலை. எங்களை எதுக்கு ஸ்பீச் தெரபிக்கு அனுப்பியிருக்காங்க?"

பேச்சுப் பயிற்சி மையங்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கேட்கிற அம்மாவின் குழப்பம் நியாயமானது. திக்குவாய், பேச்சு வரத் தாமதம், அண்ணப் பிளவு, பக்கவாதத்துக்குப் பின் பேச்சிழப்பு ஆகியவற்றுக்குத்தான் ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்ப்பார்கள் என்று நமக்குத் தெரியும். இவனோ வாய் ஓயாத மூன்றாம் வகுப்புப் பையன். நேற்றைய கிரிக்கெட் ஆட்டத்தை ஓவர் ஓவராகச் சொல்வான். பாடப்புத்தகத்தைத் திறந்து நான்கு வரி வாசிக்கச் சொன்னால் மட்டும் முகம் வாடிவிடும். கண் டாக்டரிடம் காட்டியாகிவிட்டது, டியூஷனிலும் சேர்த்தாகிவிட்டது. பேச்சுப் பயிற்சியாளருக்கு இவனிடம் என்ன வேலை?

நிறைய வேலை இருக்கிறது. வாசிக்கத் திணறும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் கண்ணில் இல்லை. பேச்சைத் துண்டு துண்டான ஒலிகளாகப் பிரித்துக் கேட்பதில் சிலருக்குத் தடை. கேட்ட மொழியைப் பிடித்து வைத்துப் புரிந்துகொள்வதில் சிலருக்குத் தடை. இரண்டும் சேர்ந்து வருத்தும் குழந்தைகளும் உண்டு. ஒலியும் மொழியும் பேச்சுப் பயிற்சியாளரின் சொந்த நிலம். அதோடு இன்னொன்றையும் இந்த அத்தியாயத்தில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தமிழ்க் குழந்தைக்கான பயிற்சி தமிழ் ஒலியிலிருந்தும் தமிழ் எழுத்திலிருந்தும் பிறக்க வேண்டும். ஆங்கிலக் குழந்தைக்காக எழுதிய பயிற்சித் தாளைத் தமிழாக்கிக் கொடுத்தால் அது பாதி வழியில் நின்றுவிடும்.

கண்ணின் மேல் பழி விழுந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. வாசிப்புச் சிக்கலுக்கு டிஸ்லெக்சியா என்ற பெயரை 1887இல் வைத்த ருடால்ஃப் பெர்லின், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்துக் கண் மருத்துவர். அவர் பார்த்தவர்கள் மூளை பாதிப்பால் வாசிப்பை இழந்த பெரியவர்கள். குழந்தைப் பருவத்திலிருந்தே வாசிக்க வராத ஒருவரைப் பற்றிய தெளிவான முதல் மருத்துவக் குறிப்பு 1896இல் வந்தது. இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன், பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதிய பையன் அவன். பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவு செய்திருக்கிறார். பெரிய தடயம் அது. ஆனால் யாரும் பின்தொடரவில்லை. கிளாஸ்கோவின் கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட் இதைப் பிறவிச் சொற்குருடு என்றே 1917இல் புத்தகமாக எழுதினார். 1925இல் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன், எழுத்துகள் மூளையில் இடவலம் மாறிப் பதிகின்றன என்றார். எழுத்து தலைகீழாகத் தெரிவதுதான் நோய் என்ற நம்பிக்கை அங்கிருந்து பரவியது. இன்றும் சினிமாவில் எழுத்துகள் காற்றில் மிதந்து குதிக்கின்றன.

அதைச் சோதித்துப் பார்த்தவர் அமெரிக்க உளவியலாளர் ஃபிராங்க் வெலுட்டினோ. 1970களில் அவர் செய்தது எளிமையான காரியம். ஹீப்ரு தெரியாத குழந்தைகளுக்கு ஹீப்ரு எழுத்துகளைச் சில நொடிகள் காட்டி, நினைவிலிருந்து எழுதச் சொன்னார். ஆங்கிலம் வாசிக்கத் திணறிய குழந்தைகள், நன்றாக வாசிக்கும் குழந்தைகளுக்குச் சமமாகவே எழுதினார்கள். வடிவத்தைப் பார்ப்பதிலோ நினைவில் வைப்பதிலோ குறை இருந்திருந்தால் அங்கேயும் தடுமாறியிருக்க வேண்டுமே. வடிவத்துக்கு ஒலியும் பெயரும் ஒட்டிக்கொள்ளும்போதுதான் அவர்களுக்குக் கஷ்டம் ஆரம்பித்தது.

அதே காலத்தில் அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த இசபெல் லிபர்மன் குழந்தைகள் கையில் ஒரு சிறு குச்சியைக் கொடுத்தார். ஒரு சொல்லைச் சொல்லி, அதில் எத்தனை துண்டு இருக்கிறதோ அத்தனை முறை மேஜையில் தட்டச் சொன்னார். 1974இல் வெளியான முடிவு இன்றும் இத்துறையின் அடித்தளம். நான்கு வயதில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் அசைகளைச் சரியாகத் தட்டினார்கள். தனி ஒலிகளைத் தட்டுவது அந்த வயதில் ஒருவருக்கும் முடியவில்லை. ஆறு வயதில், பள்ளியில் ஓராண்டு வாசிக்கக் கற்ற பிறகு, அசையில் 90 சதவீதம் பேரும் தனி ஒலியில் 70 சதவீதம் பேரும் தேறினார்கள்.

தனி ஒலி ஏன் அவ்வளவு கடினம்? பேச்சில் அது தனியாக இருப்பதே இல்லை. "கல்" என்று சொல்லும்போது நாக்கின் பின்பகுதி க்-க்காக எழும்பும் நேரத்திலேயே வாய் அகரத்துக்குத் திறந்துகொண்டிருக்கிறது. அகரம் முடிவதற்குள் நுனிநாக்கு ல்-லுக்குப் புறப்பட்டுவிடுகிறது. ஒலிப்பதிவை எவ்வளவு பொடியாக வெட்டினாலும் க் மட்டும் கையில் வராது. வாசிக்கத் தெரிந்த நமக்கு அது மூன்று ஒலி என்று பளிச்சென்று தெரிவதற்குக் காரணம், எழுத்து நம் காதைப் பழக்கியிருக்கிறது. 1979இல் ஜோசே மொராய்ஸ் குழுவினர் போர்ச்சுகலில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களிடம், ஒரு சொல்லின் முதல் ஒலியை நீக்கிச் சொல்லச் சொன்னார்கள். பெரும்பாலும் முடியவில்லை. அதே பின்னணியில் பிறந்து, வளர்ந்தபின் எழுத்துக் கற்றவர்களுக்கு முடிந்தது. ஒலியைப் பிரித்தறியும் திறன் வயதோடு தானாகப் பழுப்பதில்லை. கற்பித்தால் வருகிறது. சில குழந்தைகளுக்கு அதிகமாக, மெதுவாக, கையைப் பிடித்துக் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

இனி தமிழுக்கு வருவோம். நம் இலக்கணம் ஒலியை வாயிலிருந்து தொடங்கிப் பார்த்த இலக்கணம். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இருக்கிறது. எந்த ஒலிக்கு நாக்கு எங்கே தொடுகிறது, உதடு என்ன செய்கிறது, காற்று எங்கே எழுகிறது என்று அது வரிசையாகச் சொல்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று நேரத்தையும் தொல்காப்பியம் அளந்து வைத்தது. கண்ணாடி முன் குழந்தையை உட்காரவைத்து நாக்கைப் பார்க்கச் சொல்லும் இன்றைய பயிற்சியாளருக்கு அந்த இயல் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் நாம் பள்ளியில் மாத்திரையை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வாசிக்கத் திணறும் குழந்தைக்கு அதைவிடப் பயனுள்ள கருவி வேறு இல்லை என்பது என் துணிபு.

காரணத்தைச் சொல்கிறேன். பம்பரத்தில் எத்தனை எழுத்து? ப, ம், ப, ர, ம் என ஐந்து. ஆனால் ஐந்து வயதுக் குழந்தையைக் கைதட்டச் சொன்னால் பம்-ப-ரம் என்று மூன்று முறைதான் தட்டும். அதன் காது சொல்வது சரிதான், அசை மூன்றே. உயிர்மெய் எழுத்து அசையோடு ஒட்டி நடப்பதால் "மலை", "குருவி" போன்ற சொற்களில் கைதட்டலும் எழுத்தும் ஒத்துப்போகின்றன. புள்ளி எழுத்து வந்ததும் கணக்கு மாறிவிடுகிறது. கன்னடமோ தேவநாகரியோ அடுத்தடுத்து வரும் மெய்களைக் கூட்டெழுத்தாகப் பிணைக்கும். தமிழ் அப்படிச் செய்யாமல், மெய்யைத் தனியாகப் பிரித்துத் தலையில் புள்ளி வைத்து நிறுத்துகிறது. அசையை மட்டுமே கேட்கத் தெரிந்த குழந்தைக்கு அந்த எழுத்து எங்கிருந்து முளைத்தது என்றே புரியாது. அதனால்தான் "பட்டம்" என்று சொன்னால் "படம்" என்றும், "தங்கம்" என்று சொன்னால் "தகம்" என்றும் எழுதிக் கொண்டுவருகிறது. ஆசிரியர் சிவப்பு மையில் வட்டம் போட்டு, கவனக்குறைவு என்று எழுதிவிடுவார். கவனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கன்னடக் குழந்தைகளிடம் சோனாலி நாக் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பக்கத்துச் சான்று. அங்கே எழுத்துகளை முழுமையாகப் பிடிக்க நான்காம் வகுப்பு வரை ஆகிறது; தனி ஒலியைப் பிரித்தறியும் திறனும் மெதுவாகத்தான் வருகிறது. 26 எழுத்தில் முடிந்துபோகும் ஆங்கிலத்தின் கால அட்டவணையை நம் பிள்ளைகளுக்குப் பொருத்தக் கூடாது.

பயிற்சி மையத்தில் முதல் நாள் புத்தகம் வெளியே வராது. முதலில் செவித்திறன் சோதனை. இந்தியாவில் பேச்சுப் பயிற்சியும் செவித்திறன் ஆய்வும் ஒரே பட்டப்படிப்பில் சேர்ந்தே வருகின்றன. மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இந்தத் துறையின் தாய்வீடு. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகைத் திறன் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்திலும் இப்படிப்பு உண்டு. அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும் குழந்தை, மெல்லிய ஒலிகளைத் தவறவிட்டுக்கொண்டே இருந்திருக்கலாம். அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து அர்த்தமில்லாத சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். "மிலாகுடு", "சேனிபாலகு", "தொமாரிகணசு". சொல் தெரிந்ததாக இருந்தால் நினைவு உதவிக்கு வந்துவிடும்; புதிதாக இருந்தால் காது பிடித்த ஒலிவரிசையை மட்டுமே நம்பியாக வேண்டும். கிரிக்கெட்டைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவன் "சேனிபாலகு"வில் "சேபானிலகு" என்று தடுமாறும்போது அம்மாவின் முகத்தில் முதல் முறையாக ஏதோ புலப்படும். நல்ல பேச்சுக்கு அடியில் ஒலிகளின் பிடி இவ்வளவு தளர்வாக இருக்க முடியும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். பிறகு வேகமாகப் பெயர் சொல்லும் சோதனை. ஒரு தாளில் பூ, நாய், சாவி, பந்து, வீடு ஆகிய படங்கள் மாறி மாறி வரிசையாக இருக்கும். எவ்வளவு விரைவில் சொல்லி முடிக்கிறான் என்று பார்ப்பார்கள். 1970களில் மார்த்தா டென்க்லாவும் ரீட்டா ருடெலும் கண்டுபிடித்தது இது: தெரிந்த பொருளின் பெயரை நாவுக்குக் கொண்டுவரும் வேகம், வாசிப்பின் வேகத்தோடு கைகோத்து நடக்கிறது.

பயிற்சி எப்படி இருக்கும் என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். மேஜை மேல் ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை, இன்னொன்றில் மிளகு.

"படம் சொல்லு கண்ணா."

"படம்."

"இப்ப பட்டம். மெதுவா. நாக்கு எங்க போகுதுன்னு பாரு."

பையன் சொல்லிப் பார்க்கிறான். "மேல ஒட்டிக்குது மிஸ்."

"படம்னு சொல்றப்பவும் மேலதானே போச்சு?"

மறுபடி சொல்லிப் பார்க்கிறான். இரண்டு மூன்று முறை. "அதுல தட்டிட்டு வந்துடுது. இதுல நிக்குது."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அத்தனை ஏற்பாடும். "படம்" என்பதில் நாக்கு அண்ணத்தை ஒரு கணம் தட்டிவிட்டு இறங்குகிறது. "பட்டம்" என்பதில் ஒட்டி நிற்கிறது; அந்தச் சிறு இடைவெளியில் சத்தமே இல்லை. வாய்க்கு முன்னால் கையை வைத்தால் காற்று நின்று போவது தெரியும். காதால் பிடிக்க முடியாத அரை மாத்திரையை நாக்கு பிடித்துக் கொடுக்கிறது. எந்த ஒலி வாயில் எங்கே, எவ்வளவு நேரம் நிகழ்கிறது என்பது பேச்சுப் பயிற்சியாளரின் அன்றாடப் படிப்பு. டியூஷனில் பத்து முறை எழுத வைத்தாலும் கிடைக்காதது இங்கே கிடைப்பது அதனால்தான்.

பிறகு கொட்டையும் மிளகும். குறிலுக்கு ஒரு கொட்டை, நெடிலுக்கு இரண்டு, புள்ளி எழுத்துக்கு ஒரு மிளகு. "படம்" என்றால் கொட்டை, கொட்டை, மிளகு. "பட்டம்" என்றால் கொட்டை, மிளகு, கொட்டை, மிளகு. "பாடம்" என்றால் தொடக்கத்தில் இரட்டைக் கொட்டை. ரஷ்ய உளவியலாளர் எல்கோனின் 1960களில் ஒலிக்கு ஒரு கட்டம் வரைந்து வில்லை நகர்த்தும் முறையை உருவாக்கினார். உலகெங்கும் அது பயன்படுகிறது. தமிழுக்கு வெறும் எண்ணிக்கை போதாது, நீளமும் வேண்டும். கல், கால்; விடு, வீடு; முடி, மூடி; கொடு, கோடு என்று நீளம் மாறினால் பொருளே மாறிவிடும் மொழி இது. ஆகவே கட்டத்தோடு மாத்திரையையும் சேர்த்தால்தான் கருவி முழுமையாகிறது.

கொட்டைகளோடு நிறுத்திவிடக் கூடாது. எழுத்து அட்டைகள் சீக்கிரமே மேஜைக்கு வர வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ட்டும் 1983இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஒலிகளை இனம் பிரிப்பதில் பின்தங்கிய 65 சிறுவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் படங்களைக் கொண்டு ஒலிப் பயிற்சி மட்டும். இன்னொரு குழுவுக்கு அதோடு பிளாஸ்டிக் எழுத்துகளும். மூன்றாவது குழு அதே படங்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தியது. நான்காவதற்கு எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுகளில் 40 அமர்வுகள். ஒலியும் எழுத்தும் சேர்த்துக் கற்ற குழு முன்னே போனது, அதிலும் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுவதில் வெகுவாக முன்னே போனது. பத்தாண்டு கழித்து பீட்டர் ஹாட்சர், சார்லஸ் ஹியூம், ஆண்ட்ரூ எல்லிஸ் மூவரும் ஏழு வயதுக் குழந்தைகளிடம் செய்த ஆய்வும் அதே திசையைக் காட்டியது. எனவே நம் பையனின் மேஜையில் ப, ட, ம் அட்டைகள் வருகின்றன. "படம்" வைக்கிறான். நடுவில் ட் செருகினால் பட்டம். முதல் எழுத்தை மாற்றினால் மட்டம். ட்-டை எடுத்தால் மடம். ஒரு துணைக்கால் சேர்த்தால் மாடம். முதல் எழுத்தை மறுபடி மாற்றினால் பாடம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் வாயால் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கை அட்டையைத் தொட வேண்டும்.

தமிழ் எழுத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது: கொம்பு. "தேன்" என்ற சொல்லில் முதலில் வருவது த் என்ற ஒலி, பிறகு ஏகாரம். எழுதும்போதோ ஏகாரத்தின் இரட்டைக் கொம்பை முதலில் போட்டுவிட்டுத்தான் த எழுத வேண்டும். ஒலிவரிசையை நம்பி எழுதும் குழந்தை த போட்டு, பின்னால் கொம்பு போட்டு, ன் எழுதும். ஆசிரியர் கண்ணுக்கு அது "தனே" என்று தெரியும். எழுத்தை இடம் மாற்றிப் பார்க்கிறான், டிஸ்லெக்சியாவாக இருக்கும் என்று அவர் பயந்துபோவார். உண்மையில் காது சொன்ன வரிசையைக் கை அப்படியே கேட்டிருக்கிறது. ஒகர ஓகாரத்தில் எழுத்தின் இரண்டு பக்கமும் குறிகள் நிற்பதால் இன்னும் குழப்பம். இப்படி எழுதும் குழந்தையைத் திட்டுவதற்கு முன், அது எழுதியதை அது எழுதிய வரிசையிலேயே உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும். பிழைக்குள் இருக்கும் நியாயம் அப்போது தெரியும்; எதைக் கற்பிக்க வேண்டும் என்பதும் தெரியும்.

ஆங்கிலப் பயிற்சித் தாள்கள் ஏன் பாதி வழியில் நின்றுவிடும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு கரடுமுரடானது. ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டு ஃபிலிப் சீமோர் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகுப்பு முடிவில் ஃபின்லாந்து, கிரேக்கக் குழந்தைகள் அறிமுகமான சொற்களை ஏறக்குறைய பிழையின்றி வாசித்தார்கள். ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் வாசித்த குழந்தைகள் 34 சதவீதம்தான் சரியாக வாசித்தார்கள். தமிழ் ஃபின்னிஷ் பக்கம் நிற்கும் மொழி. ககரம் "கல்"லில் ஒரு விதமாகவும் "தங்க"த்தில் ஒரு விதமாகவும் "அக"த்தில் ஒரு விதமாகவும் ஒலித்தாலும், இடத்தை வைத்து நாக்கே முடிவு செய்துவிடுகிறது. இப்படிப்பட்ட மொழிகளில் வாசிப்புச் சிக்கல் உள்ள குழந்தை நிறையத் தவறு செய்வதில்லை, மெதுவாக வாசிக்கிறது. ஜெர்மன் பேசும் குழந்தைகளிடம் ஹைன்ஸ் விம்மர் 1990களில் இதைக் காட்டினார். 2001இல் எரால்டோ பவுலேசு குழுவினர் இத்தாலி, ஃபிரான்ஸ், பிரிட்டன் மாணவர்களின் மூளையைப் படம் பிடித்தார்கள். டிஸ்லெக்சியா உள்ள இத்தாலியர்கள் மற்ற இருவரையும்விடப் பிழை குறைவாக வாசித்தார்கள். ஆனால் மூளையின் இடப்பக்கத்தில் செயல்பாடு குறைந்திருந்த பகுதி மூவருக்கும் ஒன்றே. நம் வகுப்பறைகளில் எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டிச் சரியாகவே வாசித்து, வரி முடிவதற்குள் களைத்துப்போகும் குழந்தை இருக்கிறதே, அது கண்ணில் படாமலே போய்விடுகிறது. பிழைகளை எண்ணும் சோதனை அதைத் தேர்ச்சி என்று அனுப்பிவிடும். கையில் கடிகாரம் வேண்டும்.

பேச்சு வழக்கு விஷயத்திலும் பயிற்சியாளர் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும். "வாளப்பளம்" என்று எழுதிய குழந்தையின் வீட்டில், தெருவில், பல நேரம் வகுப்பறையிலும்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் ரகர றகர வேறுபாடு பேச்சில் மறைந்துவிட்டது. ந, ன இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. இவற்றைக் காதால் பிரித்து எழுது என்று எந்தக் குழந்தையையும் கேட்க முடியாது, அவை பார்வை நினைவிலும் பழக்கத்திலும்தான் நிலைபெற வேண்டும். இந்தப் பிழைகளைக் கூட்டி டிஸ்லெக்சியா என்று முடிவு கட்டினால் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் மாட்டிக்கொள்வார்கள். புள்ளி எழுத்து விடுபடுவதும் குறில் நெடில் மாறுவதும் வேறு வகை. அந்த ஒலி வேறுபாடுகள் எல்லா வழக்கிலும் உயிரோடு இருக்கின்றன, குழந்தையே பேசும்போது சரியாகச் சொல்கிறது. அப்படியும் எழுத்தில் தொடர்ந்து தவறினால் அது ஆராய வேண்டிய தடயம்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் தமிழில் உள்ள தூரம் இதைவிடப் பெரிய சங்கதி. குழந்தை "காத்து அடிக்குது" என்கிறது, புத்தகம் "காற்று வீசுகிறது" என்கிறது. "ஆத்துல" என்பது "ஆற்றில்" என்றும், "எந்திரிச்சான்" என்பது "எழுந்தான்" என்றும் அச்சில் வருகின்றன. வாசிக்கக் கற்கும் குழந்தை ஒரே நேரத்தில் எழுத்தையும் கற்கிறது, பாதி அந்நியமான ஒரு தமிழையும் கற்கிறது. அரபு மொழியிலும் இதே நிலை. பேச்சு வழக்கில் இல்லாத ஒலிகளைக் கையாள்வது குழந்தைகளுக்குக் கூடுதல் கடினம் என்று எலினோர் சயேக்-ஹத்தாத் 2003இல் காட்டினார். எல்லாக் குழந்தைகளும் இந்தத் தூரத்தைக் கடக்கிறார்கள். ஒலிப்பிடி தளர்ந்த குழந்தைக்கு மட்டும் யாராவது பாலம் போட்டுக்கொடுக்க வேண்டும். நேத்து, நேற்று, காத்து, காற்று, ஆத்துல, ஆற்றில் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லச் சொன்னால், வாயில் த்த இருக்கும் பல இடங்களில் தாளில் ற்ற இருக்கிறது என்ற ஒழுங்கு குழந்தைக்குப் பிடிபடும். எல்லாச் சொல்லுக்கும் பொருந்தாது, பத்து தாளிலும் பத்தாகவே இருக்கும். ஆனாலும் மனப்பாடச் சுமை பாதியாகக் குறைகிறது. வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: தினமும் இரவில் ஒரு கதையை, புத்தகத்தில் உள்ளபடியே எழுத்துத் தமிழில், வாசித்துக் காட்டுவது. வாசிக்கத் திணறும் குழந்தைக்கு இது ஓய்வு நேரத்து ஆடம்பரம் அல்ல. அந்தத் தமிழ் அதன் காதுக்குப் பழகுவதற்கு வேறு வழி குறைவு.

சரளமாக வாசித்துவிட்டு, என்ன படித்தாய் என்றால் விழிக்கிற குழந்தையும் உண்டு. பிலிப் காஃப், வில்லியம் டன்மர் இருவரும் 1986இல் சொன்னபடி, வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் பெருக்கிவரும் தொகை. ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். இரண்டாவதில் குறை உள்ள எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகளுக்கு இங்கிலாந்தின் யார்க் ஆய்வாளர்கள் 20 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழு வாசித்துப் புரிந்துகொள்ளும் உத்திகளைப் பழகியது. இன்னொரு குழு புத்தகம் இல்லாமலே கதை கேட்டது, கதை சொன்னது, புதுச் சொற்களையும் மரபுத்தொடர்களையும் பேசிப் பழகியது. மூன்றாவது குழு இரண்டையும் செய்தது. எல்லாருமே முன்னேறினார்கள். பயிற்சி முடிந்து 11 மாதம் கழித்துச் சோதித்தபோது வாய்மொழிப் பயிற்சி பெற்ற குழுவின் முன்னேற்றம்தான் தொடர்ந்து வளர்ந்திருந்தது. 2010இல் வெளியான அந்த முடிவைப் படித்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நம் பாட்டிமார் திண்ணையில் செய்துகொண்டிருந்த வேலைக்கு ஒரு சோதனையின் சாட்சி கிடைத்தது.

எப்போது தொடங்குவது? "போகப் போகச் சரியாயிடும், அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்பது உறவினர் சொல்லும் ஆறுதல். அப்பாவும் அப்படித்தான் என்பது உண்மையில் காத்திருக்க வேண்டாம் என்பதற்கான காரணம். இந்தச் சிக்கல் குடும்பங்களில் தொடர்ந்து வருகிறது. ஃபின்லாந்தின் யுவாஸ்குலா நகரில், டிஸ்லெக்சியா உள்ள பெற்றோருக்குப் பிறந்த குழந்தைகளை ஹெய்க்கி லூட்டினென் குழுவினர் பிறந்த நாளிலிருந்து பின்தொடர்ந்தார்கள். கைக்குழந்தைப் பருவத்திலேயே பேச்சொலிகளுக்கு மூளை காட்டும் எதிர்வினையில் வித்தியாசம் தெரிந்தது. இங்கிலாந்தில் டோரதி பிஷப், கேத்தரின் ஆடம்ஸ் இருவரும் 1990இல் சொன்னது நம்பிக்கை தருவது: பேச்சுத் தாமதம் ஐந்தரை வயதுக்குள் நீங்கிய குழந்தைகள் எட்டரை வயதில் நன்றாகவே வாசித்தார்கள். ஆனால் அதே குழந்தைகளை 15, 16 வயதில் மறுபடி சோதித்தபோது, சரியாகிவிட்டார்கள் என்று விடப்பட்டவர்களும் ஒலி நினைவிலும் வாசிப்பிலும் சகவயதினரைவிடப் பின்தங்கியிருந்தார்கள். 1998இல் வெளியானது அது. ஒருமுறை தேறியதும் கோப்பை மூடிவிடக் கூடாது என்பதற்கு அந்த ஆய்வே போதும்.

நம் நாட்டில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளை மாற்றுத்திறனாகச் சேர்த்தது 2016ஆம் ஆண்டுச் சட்டம். ஏழாக இருந்த பட்டியல் அப்போது 21 ஆனது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற தேர்வுச் சலுகைகளுக்கு அதன் கீழ் சான்றிதழ் கேட்கலாம். 2018இல் வந்த வழிகாட்டு நெறிமுறைகள் மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயதை ஒட்டியே பள்ளிகளில் முதற்கட்டச் சோதனையை வைத்தன. சான்றிதழுக்கு அந்த வயது பொருத்தமாக இருக்கலாம். பயிற்சிக்கு எட்டு வயது வரை காத்திருப்பது அநியாயம். யுகேஜி குழந்தைக்கு எதுகை விளையாட்டு பிடிபடவில்லை, சொற்களின் அசைகளை மாற்றிப் போடுகிறது, எழுத்துப் பெயர்கள் மனதில் நிற்கவில்லை என்றால் அன்றைக்கே தொடங்கலாம். அதற்கு எந்தச் சான்றிதழும் வேண்டியதில்லை. நிறக் கண்ணாடிக்கும் கண் தசைப் பயிற்சிக்கும் பணத்தைச் செலவிட வேண்டாம். அவை வாசிப்புச் சிக்கலைத் தீர்ப்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009இல் கூட்டாகவே அறிவித்துவிட்டார்கள்.

நம் பையன் ஆறாம் வகுப்புக்குப் போனதும் பயிற்சியின் உள்ளடக்கம் மாறுகிறது. "கேட்டுக்கொண்டிருந்தான்" என்ற ஒரே சொல்லில் பதினொரு எழுத்து. எழுத்துக்கூட்டிப் போனால் கடைசி எழுத்தை எட்டும்போது முதல் எழுத்து மறந்துவிடும். பயிற்சியாளர் ஒரு அட்டையால் சொல்லை மறைத்து, கேட்டு, கொண்டு, இருந்தான் என்று மூன்று துண்டாகத் திறந்து காட்டுவார். பார்த்துக்கொண்டிருந்தாள், ஓடிக்கொண்டிருந்தது, எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று அதே வால் உள்ள சொற்களைத் தேடிப் பிடிக்கச் சொல்வார். மரம் எப்படி மரத்தை, மரத்தில் ஆகிறது, வீடு ஏன் வீட்டில் ஆகிறது என்று உருபுகளைப் பிரித்துச் சேர்க்கும் வேலை தொடங்கும். இந்தக் கட்டத்தில் வாசிப்பு சரியாக வந்துவிடலாம், வேகம் மட்டும் குறைவாகவே இருக்கலாம். சமூக அறிவியல் தேர்வில் வினாத்தாளை ஆசிரியர் ஒருமுறை உரக்க வாசித்துக் காட்டினால், வாய்மொழியாகப் பதில் சொல்ல அனுமதித்தால், கூடுதலாக ஒரு மணி நேரம் கொடுத்தால், அவனுக்குப் பாடம் எவ்வளவு தெரியும் என்பது ஆசிரியருக்குத் தெரியவரும். பள்ளிக்கு எழுதிக் கொடுக்கும் அறிக்கையில் இந்த மூன்றையும் பயிற்சியாளர் குறிப்பிட வேண்டும். பெற்றோர் அதைத் தலைமையாசிரியரிடம் கையோடு கொண்டுபோய்ப் பேச வேண்டும்.